தனி முடியும் வரை

பல்லவியை விட்டுவிட்டேன், இனி சிதம்பரண்ணன் பாடு. மிருதங்கத்தில் ஒரு சின்ன உருட்டு உருட்டிவிட்டு அவர் ஜிப்பாக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொள்கிறார், தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் மட்டும் வாசிப்பார். பாட்டுக்காரி வாயை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. திரும்பவும் முதல் தட்டு. அவர் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ச் சுற்றலாம், நான் மட்டும் வீட்டைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் அவர் திரும்பி வந்து என் முதல் தட்டில் இறங்குவார், அங்கிருந்து அரை எண்ணிக்கை தள்ளி நான் பாட்டை எடுக்க வேண்டும். பச்சைப்பிள்ளை போடும் தாளம். இந்தத் தாளத்தைத்தான் போன தடவை தூத்துக்குடி மேடையில் பாதியில் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதுகூடச் சரியில்லை, நின்றது. அதற்குப் பிறகு மேடை ஏறுவது இன்றைக்குத்தான். பாளையங்கோட்டை, சொந்த ஊர் சபா, சாயங்காலக் கச்சேரி, முக்கால்வாசி தெரிந்த முகங்கள், எல்லோருக்கும் தூத்துக்குடிக் கதை தெரியும். தனி ஆரம்பித்ததும் வழக்கம்போல ஒரு கூட்டம் எழுந்து கேன்டீன் பக்கம் நகர்கிறது, ஆனால் இன்றைக்குப் போகிறவர்கள் குறைவு. மற்றவர்கள் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா. சூடான உளுந்த வடையைத் துறந்துவிட்டு என் கையைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

நன்றாகப் பாருங்கள் ஐயா, நடுங்கத்தான் செய்கிறது. பயத்தில் இல்லை, மாத்திரையில். காபி டம்ளரைத் தூக்கினால் டம்ளரும் சேர்ந்து ஒரு கமகம் போடும். முதலில் அழுதேன், பிறகு டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் குடிக்கப் பழகிவிட்டேன். வடை வாசம் மேடைவரைக்கும் வருகிறது, மிளகு உடைத்துப் போட்டிருக்கிறான். பசிக்கிறது. பசி என்று ஒன்று வயிற்றுக்குள் கிடந்து பிறாண்டுவது எவ்வளவு நல்ல விஷயம். தூத்துக்குடிக்குப் பிறகு படுத்துக் கிடந்த மாதங்களில் பசியே இல்லை, சோறு வாய்க்குள் போய் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நிற்கும். இப்போது மாத்திரை தின்னச் சொல்கிறது, நானும் தின்கிறேன், பட்டு ரவிக்கைக்கு இரண்டு பக்கமும் தையல் பிரித்துவிட்டாயிற்று. இடது பக்கத்தில் ஜெபராணி வயலினை மடியில் சாய்த்துக்கொண்டு அவளும் தாளம் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் வாசிப்பாள், சாயங்காலம் என்னோடு கல்யாணி வாசிப்பாள், இரண்டுக்கும் ஒரே முகம்தான். தூத்துக்குடியிலும் இவள்தான் பக்கத்தில் இருந்தாள். இன்றைக்கு மேடை ஏறுவதற்கு முன்னால் சிதம்பரண்ணன் சொன்னதை இவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். "கோமதி, தனிய இன்னைக்கு சின்னதா முடிச்சுக்கிடுவோமா?" என்று கேட்டார். "முழுசா வாசிங்கண்ணே" என்றேன். "சரி, அப்பம் ஒண்ணு. தாளம் தப்பிச்சுன்னா பதறாத. ஒன் கையைப் பாத்துக்கிட்டேதான் வாசிப்பேன், நீ எங்க விட்டாலும் நான் புடிச்சுக்கிடுதேன்." எவ்வளவு நல்ல மனுஷன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடவே மிருதங்கத்தைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்றும் இருந்தது. தப்பும் என்று யார் சொன்னது இவரிடம்?

யார் சொல்ல வேண்டும், பார்த்தாரே. தூத்துக்குடியில் அவர்தானே வாசித்தார். அன்றைக்கும் இப்படித்தான், தனி நடந்துகொண்டிருந்தது, மோதிரவிரல் தொடையைத் தொட்டது, அப்போது உள்ளே ஒருத்தி கேட்டாள், இது எந்த விரல்? அவள் அதற்கு முன்னாலும் உண்டு. அடுப்பை அணைத்தாயா என்று கேட்பவள், அணைத்தேன் என்றால் பார்த்தாயா என்பாள், பார்த்தேன் என்றால் பார்த்ததை நம்புகிறாயா என்பாள். பேருந்தில் பாதி தூரம் போய் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். ஆனால் பாட்டுக்குள் அவள் வந்ததில்லை, அது ஒன்றுதான் அவள் கால் வைக்காத அறை. அன்றைக்கு வந்துவிட்டாள். இது மோதிரவிரல் என்றேன். சுண்டுவிரல் போட்டாயா? போட்டேன். போட்டதைப் பார்த்தாயா? நான் விரலைப் பார்த்தேன். அது தொடைமேல் கிடந்தது, என் விரல் மாதிரியே இல்லை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. கை அதற்குமேல் நகரவில்லை. சிதம்பரண்ணன் தாளமே இல்லாமல் வாசித்து முடித்தார், ஜெபராணி பாட்டை வயலினில் எடுத்து ஒப்பேற்றினாள், நான் நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். யாரோ மங்களம் பாடினார்கள். காரில் ஏற்றினார்கள். அதன் பிறகு நீளமாக ஒரு படுக்கை. எழுந்தாலும் படுத்தாலும் ஒரே படுக்கை. அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று முன்பெல்லாம் நினைப்பேன், இப்போது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிறேன். தட்டு, வீச்சு. பாருங்கள், நினைத்தேன், கை பாட்டுக்குப் போகிறது.

என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய மனநல டாக்டர் ஹமீதாவுக்கு சங்கீதத்தில் சரிகமகூடத் தெரியாது, அதுதான் வசதியாகப் போயிற்று. தாளம் என்றால் என்ன என்று கேட்டார், போட்டுக் காட்டினேன். அங்கே போட முடிந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது தானா ஓடுதா, நீங்க எண்ணுறீங்களா?" என்றார். இப்படி ஒரு கேள்வியைச் சங்கீதம் தெரிந்தவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணுகிறேன் என்றேன். "அப்போ என்கூட பேசிக்கிட்டே போடுங்க, மதியம் என்ன சாப்பிட்டீங்க?" புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல் என்றேன், கை போய்க்கொண்டிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார், தூக்கம் வந்தது. தூக்கம் வந்த பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது, சொல்லிக்கொள்ளாமல் போன சொந்தக்காரர்கள் திரும்பி வருகிற மாதிரி. என் வீட்டுக்காரர் நமச்சிவாயம், மூன்றாவது வரிசையில் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என்ன செய்தார் என்றால், எனக்காகத் தாளம் கற்றுக்கொண்டார். மின்வாரியத்திலிருந்து வந்து குளித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, நான் சும்மா இருந்தாலும் அவர் பாட்டுக்குத் தொடையில் போட்டுக்கொண்டிருப்பார். பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை, இரண்டு பேர் கட்டிலில் உட்கார்ந்து மூட்டைப்பூச்சி அடிக்கிற மாதிரி. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது அப்போதுதான். ஆனால் அடுப்பை அவர்தான் அணைப்பார். "நான் பாத்துட்டேன், நீ படு கோமதி." கதவையும் அவர்தான் பூட்டுவார். இப்போது எனக்குக் கேள்வி வருவதே அபூர்வம், வந்தாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவேன், ஆனால் நான் எழுந்திருப்பதற்கு முன்னால் அவர் எழுந்துவிடுகிறார். நான் பூட்டினால் பின்னாலேயே போய் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அன்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை அத்தான், அந்தப் பூட்டை நம்புங்கள் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன், அந்த முகத்தைப் பார்த்தால் வாய் வருவதில்லை.

சிதம்பரண்ணன் இப்போது மெதுவான நடைக்கு வந்திருக்கிறார். இடது கை மட்டும் பேசுகிறது, அடிவயிற்றில் கேட்கிறது. என்ன சுகம். இப்படி மெதுவாக வாசித்தால் முன்பு எனக்குத் தாங்காது. எனக்குப் பட்டாசு கோமதி என்று பேர். ஸ்வரம் பாட ஆரம்பித்தால் மூச்சு விட இடம் இருக்காது, கூட்டம் கைதட்டிக்கொண்டே இருக்கும், பத்திரிகைக்காரர்கள் அசுர சாதகம் என்று எழுதுவார்கள். சாதகமாவது ஒன்றாவது, பயம். நடுவில் ஒரு இடைவெளி விட்டால் அவள் ஏதாவது கேட்டுவிடுவாள், அதனால் விடாமல் அடைத்துக்கொண்டே போனேன். அதற்குப் பட்டம் வேறு கொடுத்தார்கள், பொன்னாடை போட்டார்கள். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் பேட்டிக்கு வந்தாள், நல்ல துறுதுறுப்பு, "மேடம், உங்க மன அழுத்தம் உங்க கலைக்கு என்ன கொடுத்துச்சு?" என்றாள். "எடை" என்றேன். அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள். நோய் எனக்கு ஒரு சங்கதிகூடக் கொடுக்கவில்லை அம்மா, இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. துக்கத்தில் விழுந்து எழுந்தவள் பாடினால் உருகும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். விழுந்து கிடந்தபோது நான் ஒன்றும் பாடவில்லை, பாட்டு என்று ஒன்று இருப்பதே பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டு ரேடியோவை அணைக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். நான் பாடுவதெல்லாம் அதற்குப் பிறகு கிடைத்தது. இன்றைக்குக் கல்யாணியில் நிஷாதத்தில் போய் நின்றேனே, அது எங்கிருந்து வந்தது? மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, காலி வாளியோடு, கீழே இறங்க வேண்டும் என்றே தோன்றாமல் கொஞ்ச நேரம் நிற்பேன், அங்கிருந்து வந்தது. உடம்பு தேறிய பிறகுதான் அப்படி நிற்கிறேன். ஒரு ஸ்வரத்தில் நின்றேன், மேலே போகவில்லை, கீழே வரவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெபராணி வில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், கூட்டத்தில் ஒருத்தர் 'ஐயோ' என்றார். பாவம் எவ்வளவு துக்கம் என்று நினைத்திருப்பார். துக்கமெல்லாம் இல்லை அண்ணாச்சி, துணி காயுது.

நடுவிரல், தட்டு. அண்ணன் வேகம் பிடித்துவிட்டார், நெற்றியில் வியர்வை, திருநீறு கரைந்து புருவத்துக்கு வருகிறது. கோர்வை வரப்போகிறது. தனியை முடிக்கிற கடைசிக் கணக்கு அது, ஒரே சொற்கட்டை மூன்று தடவை வாசிப்பார், ஒவ்வொரு தடவையும் சுற்றி வந்து முதல் தட்டில் வந்து விழ வேண்டும். மூன்றாவது முடிந்ததும் நான் எடுக்க வேண்டும். எழுந்து போனவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். முன்வரிசையில் பட்டை பிரேம் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் தொடை சிவக்கத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் கையும் போகிறது, உதடு விரலை எண்ணுகிறது. எல்லோருடைய கையும் என் கையும் ஒன்றாக விழுகின்றன. கோர்வை தொடங்குகிறது, தொடங்கிய இடம் சரி, ஒரு நீளம், ஒரு இடைவெளி, ஒரு நீளம், அடுத்து அடுத்து, வந்து விழுகிறது, தாம். என் கை வீச்சில் இருக்கிறது. கடைசி வீச்சு. தட்டுக்கு இன்னும் ஒரு எண்ணிக்கை பாக்கி. அவர் ஒரு எண்ணிக்கை முன்னாலேயே இறங்கிவிட்டார். இல்லை, நான் ஒன்று அதிகமாகப் போட்டேனா? அவர் நிற்கவில்லை, இரண்டாவது தடவையைத் தொடங்கிவிட்டார், அவர் இறங்கிய இடத்தை முதல் தட்டாக வைத்துக்கொண்டு. என் கையைப் பார்க்கிறார். முகத்தில் சிரிப்பு. எவ்வளவு கனிவான சிரிப்பு, தலையை அசைத்து எனக்குத் தட்டு எங்கே என்று காட்டுகிறார், உதடு சொல்கிறது, "பதறாத." ஜெபராணியின் கை ஒரு கணம் தயங்கி அவர் பக்கம் மாறிவிட்டது. கண்ணாடிக்காரர் மாற்றிக்கொண்டார். வரிசையாக எல்லோரும். நமச்சிவாயமும் அவசரமாக ஒரு விரலை விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார், கட்டிய புருஷனும் கட்சி மாறியாயிற்று. சபா முழுக்க ஒரு தாளம், நான் மட்டும் ஒரு தாளம். வந்துவிட்டாயா என்று உள்ளே பார்த்தேன், வந்துவிட்டாள். போட்டாயா? போட்டதைப் பார்த்தாயா? இல்லை, பார்க்கவே இல்லை, வடையையும் வாளியையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் உனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மாற்றிக்கொண்டுவிடு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, மிருதங்கக்காரர் கணக்கில் சறுக்கினால் பாடுகிறவர்கள் ஒரு விரலை விழுங்கி அவர் மானத்தைக் காப்பாற்றுவது மேடை மரியாதை, பெரிய பெரிய ஆட்கள் செய்திருக்கிறார்கள். நானும் அப்படி விட்டுக்கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளலாமே. வைத்துக்கொள்ளலாம், ஆனால் விட்டுக்கொடுத்தேனா பயந்துவிட்டேனா என்று எனக்கே தெரியாதே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தட்டுதான். இப்போது மாற்றினால் ராத்திரி அவள் என்னிடம் கேட்பாள், நாளைக்கும் கேட்பாள், இனிமேல் ஒவ்வொரு தனியிலும் கேட்பாள், என்னிடம் பதில் இருக்காது.

கை மாறவில்லை. நான் எண்ணவில்லைதான், ஆனால் பல்லவி உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, இப்போதுதான் கவனிக்கிறேன், தொண்டைக்குக் கீழே, சத்தமில்லாமல், ஒவ்வொரு சுற்றும். தூத்துக்குடியில் உள்ளே வெறும் எண்தான் இருந்தது, பாட்டு இல்லை. இன்றைக்குப் பாட்டு இருக்கிறது, அதன் சொற்கள் ஒவ்வொன்றும் என் விரலில்தான் விழுகின்றன, அவர் கணக்கில் விழவில்லை. அவள் கேட்கட்டும், கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நான் இங்கே இருக்கிறேன். அண்ணன் இன்னும் தலையை அசைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார், புருவம் கெஞ்சுகிறது, இங்கே வா, இங்கே வா. மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி அவர் பக்கம் குனிந்தேன். "அண்ணே, நான் எடத்துலதான் இருக்கேன். நீங்க வாங்க." சிரிப்போடுதான் சொன்னேன். மேடையில் இருபது வருஷத்துச் சிநேகிதரிடம் இப்படிச் சொன்னது கிடையாது. அவர் முகம் அப்படியே நின்றது. வாசிப்பு நிற்கவில்லை, அதற்கு அவர் உடம்பு போதும், ஆனால் கண் மேலே போயிற்று, உதடு முதல் கோர்வையைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது, நீளம், இடைவெளி, நீளம், அடுத்த இடைவெளி எங்கே? அதை விழுங்கிவிட்டிருக்கிறார். என்னையே பார்த்துக்கொண்டு வாசித்ததில், நான் எங்கே தப்புவேன் என்று பார்த்துக்கொண்டே வாசித்ததில், அவர் தப்பிவிட்டார். அவர் முகத்தில் அது தெரிந்ததும் எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை, ஐயோ பாவம் என்றுதான் இருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் முகத்தை அந்தப் பக்கம் வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது தாம் மறுபடி என் வீச்சில் விழுந்தது. மூன்றாவதை அவர் உடனே தொடங்கவில்லை. இரண்டு கையையும் தோலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார், ஒரே ஒரு எண்ணிக்கை. என் கை தொடையில் விழுந்தது, முதல் தட்டு. அதில் ஏறிக்கொண்டார். "ஆகா!" என்றார் கண்ணாடிக்காரர், அந்த நிறுத்தத்தை வித்தை என்று நினைத்துவிட்டார், கைதட்டல் கிளம்பிவிட்டது. கைதட்டலுக்குள்ளே ஒவ்வொரு கையாக முழித்துக்கொண்டு திரும்பி வருகிறது, ஜெபராணி, கண்ணாடிக்காரர், நமச்சிவாயம். என் வீட்டுக்காரர் மட்டும் தன் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, இந்தப் பெண்பிள்ளையை இதற்கு முன்னால் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்கிற மாதிரி. நீளம், இடைவெளி, நீளம், இடைவெளி, இந்தத் தடவை இருக்கிறது, அண்ணன் வருகிறார், நேராக வருகிறார், தாம். தட்டும் தாமும் ஒன்றாக விழுந்தன. அரை எண்ணிக்கை. யாரும் தலையசைத்து எனக்கு இடம் காட்டவில்லை. பாட்டை எடுத்தேன்.